விண்டோஸ் அடிக்கும் முன் ஹார்ட் டிஸ்க்கைப் பாருங்கள்

நான்கு மாதத்தில் என் லெப்டொப்புக்கு மூன்று தடவை விண்டோஸ் அடித்தார்கள், அதாவது பழையதை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் 2,000 ரூபா, பொகவந்தலாவையிலிருந்து ஹட்டனுக்குப் போய்வர பஸ் காசு, அரை நாள். கொண்டுவந்து ஒரு மாதம் பறக்கும். அப்புறம் பழைய கதைதான். பட்டனை அமுக்கிவிட்டுப் பிளேன்டீ ஊற்றிக் குடித்து முடித்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். "வைரஸ் தம்பி, திரும்ப ஒருக்கா அடிச்சிட்டா சரியாயிரும்" என்றார் கடைக்காரர். மூன்றாவது தடவை அடித்து வந்தபோது நான் டைப் செய்து வைத்திருந்த வினாத்தாள்களில் பாதி திறக்கவில்லை. அப்பாவின் ஈ.பீ.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) பத்திரங்களை ஸ்கேன் செய்து போட்டிருந்த ஃபோல்டரையே காணோம்.

வைரஸ் ஒன்றும் இல்லை. டிஸ்க் செத்துக்கொண்டிருந்தது. லயத்துக் கூரை ஒழுகும்போது கீழே புதுப் பாய் விரித்துக்கொண்டிருந்திருக்கிறோம். கொழும்பில் வேலை செய்யும் மச்சான்தான் ஃபோனில் சொன்னான்: "மொதல்ல டிஸ்க்கப் பாரு. பார்த்திட்டு, இருக்கிறத எடுத்து வை. அதுக்குப் பொறகு எதையும் தொடு." இந்தக் கட்டுரை முழுக்க அவன் சொன்ன அந்த வரிசைதான். வரிசையை மாற்றினால் என்ன நடக்கும் என்பதை அங்கங்கே சொல்கிறேன், எல்லாம் நான் பட்டது.

தேவையானவை அதிகமில்லை. 8 ஜிபிக்குக் குறையாத ஒரு பென் டிரைவ், கோப்புகளைப் போட்டு வைக்க இன்னொரு டிஸ்க் (இரவல் வாங்கினாலும் சரி), ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு கொப்பி, ஒரு பேனை. நேரம்தான் பெரிய செலவு. வெள்ளி இரவு தொடங்கினால் ஞாயிறு மாலை முடியும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வேலை நாளில் இரவு 9 மணிக்குத் தொடங்கிவிட்டு, பொறுமை கெட்டு நடுவில் நிறுத்துவதுதான் பலருக்கும் டிஸ்க்கைக் கெடுக்கிறது.

1. முதலில் காதைக் கொடுங்கள்

இரவு, வீடு அடங்கிய பிறகு லெப்டொப்பை மேசையில் வைத்து ஓன் செய்து, காதைக் கிட்ட வையுங்கள். மெல்லிய ரீங்காரம், இடைக்கிடை கரகரப்பு என்றால் அது வழமை. "டிக்... டிக்... டிக்" என்று ஒரே தாளத்தில் தட்டினால், அல்லது சுற்றத் தொடங்கி நின்று மறுபடியும் சுற்றத் தொடங்கினால், அந்த நிமிடமே ஓஃப் செய்யுங்கள். உள்ளே தகட்டை வாசிக்கும் முனை தடுமாறுகிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஓடவிடும் ஒவ்வொரு நிமிடமும் தகட்டில் கீறல் விழ இடம் கொடுக்கும்.

அப்படித் தட்டும் டிஸ்க்கில் முக்கியமான எதுவும் இருந்தால், இந்தக் கட்டுரையின் மிச்சம் உங்களுக்கு வேண்டாம். டேட்டா மீட்பவரிடம்தான் போக வேண்டும். நான் விசாரித்தபோது கொழும்பில் ஒருவர் 25,000 ரூபாவிலிருந்து தொடங்கும் என்றார். முக்கியமான ஒன்றும் இல்லையென்றால் நேரே 6ஆவது படிக்குப் போய்ப் புது டிஸ்க் வாங்குங்கள். பிரிட்ஜில் வைத்தால் சரியாகும், மூடியைத் திறந்து துடைத்தால் சரியாகும் என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தால் தூசு விழும், தூசு விழுந்தால் முடிந்தது. பிரிட்ஜில் வைத்தால் உள்ளே ஈரம் கோர்க்கும். நம் ஊர் ஈரமே போதாதா?

ஈரம் என்றதும் ஒன்று. பனிக்குள் நடந்து கொண்டுவந்த லெப்டொப்பை வீட்டுக்குள் வந்ததும் ஓன் செய்யாதீர்கள். குளிர்ந்த உலோகம் சூடான அறைக்குள் வந்தால் வியர்க்கும். அரை மணி நேரம் பையைத் திறந்து வைத்துவிட்டு, பிறகு ஓன் செய்யுங்கள். பஸ்ஸில் கொண்டுபோகும்போது ஸ்லீப்பில் வைக்காமல் முழுசாக ஓஃப் செய்யுங்கள். ஸ்லீப்பில் வைத்தது பைக்குள்ளேயே விழித்துக்கொள்வதுண்டு. மஸ்கெலியா ரோட்டு வளைவில் டிஸ்க் சுற்றிக்கொண்டிருந்தால் அது தாங்காது.

2. ஸ்மார்ட் அறிக்கையைப் படியுங்கள்

எல்லா ஹார்ட் டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே எழுதி வைத்துக்கொள்கிறது. அதற்குப் பெயர் ஸ்மார்ட். அதைப் படித்துக் காட்ட கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. நிறுவத் தேவையில்லாத ஸிப் வடிவத்தை இன்னொரு கணினியில் இறக்கி, பென்னில் போட்டு, அங்கிருந்தே திறங்கள். உடைந்துகொண்டிருக்கும் டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுத வேண்டாம் என்பதற்காகத்தான் இந்தச் சுற்று.

திறந்ததும் இடது பக்கம் ஒரு பெட்டி தெரியும். நீலம் என்றால் நல்லது, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் முடிந்தது. நீலத்தைப் பார்த்தவுடன் மூடிவிடாதீர்கள், கீழே உள்ள பட்டியலில் நான்கு வரிகளைப் பாருங்கள்.

05 என்ற வரி, டிஸ்க் ஏற்கெனவே கெட்டுப்போனது என்று ஒதுக்கி, மாற்று இடம் கொடுத்த செக்டர்களின் (தகட்டின் சின்னச் சின்னக் கட்டங்கள்) எண்ணிக்கை. சி5 என்பது வாசிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் செக்டர்கள். சி6 என்பது டிஸ்க் தானாகச் சோதித்தும் தேற்ற முடியாமல் போனவை. சி7 வேறு ரகம். அது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையில் போகும் வயரின் கோளாறைக் காட்டுவது. டெஸ்க்டொப்பில் சி7 ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை வாங்க ஓடாதீர்கள். சாட்டா கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், இல்லையென்றால் மாற்றுங்கள். சில நூறு ரூபாவில் முடிந்துவிடும். ஆனால் அந்த எண்ணிக்கை திரும்பப் பூச்சியத்துக்கு வராது, மேலே ஏறாமல் நின்றால் சரி.

இங்கேதான் நான் விழுந்த முதல் குழி. என் சி5 வரியில் 000000000108 என்று இருந்தது. 108 செக்டர்தானே என்று நினைத்துக்கொண்டேன். அந்த எண்கள் நாம் எண்ணும் பத்தின் அடியில் இல்லை, பதினாறின் அடியில். 108 என்று தெரிந்தது உண்மையில் 264. மெனுவில் ஃபங்ஷன், அதற்குள் அட்வான்ஸ்ட் ஃபீச்சர், அதற்குள் ரோ வேல்யூஸ் என்பதில் 10 என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் நமக்குப் பழகிய எண்ணாகக் காட்டும். முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

மேலே ஓடிய மணிநேரமும் இருக்கும். 20,000 மணி என்றால், நாளுக்கு 8 மணி நேரம் வைத்துப் பார்த்தால், ஏறக்குறைய 7 வருட உழைப்பு. வயது மட்டும் குற்றமில்லை. 30,000 மணி ஓடி 05உம் சி5உம் பூச்சியமாக இருக்கும் டிஸ்க்குகளும் உண்டு.

05, சி5, சி6, சி7, மணிநேரம், வெப்பநிலை, தொடர் இலக்கம். இவ்வளவையும் திகதி போட்டுக் கொப்பியில் எழுதுங்கள், திரையையும் ஃபோனில் படம் எடுங்கள். இன்றைய எண்ணைவிட அடுத்த வாரத்து எண்தான் முக்கியம். 05இல் 8 என்று இருந்து ஒரு வருடம் அப்படியே நிற்பது ஒன்று, திங்கள் 8, வியாழன் 40 என்று ஏறுவது இன்னொன்று. தொடர் இலக்கம் எதற்கு என்றால், கடையில் கொடுத்துத் திரும்ப வாங்கும்போது உள்ளே இருப்பது உங்கள் டிஸ்க்தானா என்று பார்க்க. நான் யாரையும் சந்தேகப்படச் சொல்லவில்லை, ஆனால் எழுதி வையுங்கள்.

விண்டோஸே திறக்கவில்லை என்றால் இரண்டு வழி. எச்பி லெப்டொப்பில் ஓன் செய்தவுடன் எஃப்2 பட்டனைத் தட்டினால் அதன் சொந்தச் சோதனை வரும். டெல்லில் எஃப்12 தட்டி, வரும் பட்டியலில் டயக்னொஸ்டிக்ஸ். டெல்லில் 2000-0142 என்று எண் வந்தால் டிஸ்க் தன் சோதனையில் தோற்றுவிட்டது. எச்பியில் 24 எழுத்தில் ஒரு தோல்வி இலக்கம் வரும், வொரண்டி இருந்தால் அதைத்தான் கேட்பார்கள், படம் எடுத்து வையுங்கள். இரண்டாவது வழி, விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ். லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவை ரூஃபஸ் என்ற மென்பொருளால் பென்னில் எழுதி, அந்தப் பென்னிலிருந்து கணினியைத் திறப்பது. எதையும் நிறுவ வேண்டாம், சும்மா ஓட்டிப் பார்க்கலாம். அதில் டிஸ்க்ஸ் என்ற செயலிக்குள் ஸ்மார்ட் அறிக்கை இருக்கிறது.

3. தொடுவதற்கு முன் எடுங்கள்

மஞ்சளோ நீலமோ, விண்டோஸ் அடிக்கப் போகிறீர்கள் என்றால் எப்படியும் சி டிரைவ் அழியும். அதனால் எடுப்பது எல்லாருக்கும்தான். மஞ்சள் என்றால் மட்டும் எடுக்கும் வரிசை மாறும்.

செக்டிஸ்க் என்று விண்டோஸுக்குள்ளேயே ஒரு சோதனை இருக்கிறது. எல்லாரும் முதலில் ஓட்டுவது அதைத்தான். நானும் ஓட்டினேன். கோப்புகளை எடுப்பதற்கு முன், மஞ்சள் டிஸ்க்கில். இரவு முழுக்க ஓடி, காலையில் பார்த்தால் ஃபவுண்ட்.000 என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் பெயரில்லாத துண்டுகள். என் வினாத்தாள்கள்தான் அவை. செக்டிஸ்க்குக்கு உங்கள் கோப்பு முக்கியமில்லை. கணக்குப் புத்தகம் சரியாக இருந்தால் போதும், கணக்கில் இடிக்கும் கோப்பை வெட்டிப் போட்டுவிடும். அது பிழையில்லை, அதன் வேலையே அதுதான். ஆகவே பிரதி எடுத்த பிறகுதான் செக்டிஸ்க்.

எடுக்கும்போது சின்னதும் முக்கியமானதும் முதலில். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஓ.எல்., ஏ.எல். பெறுபேறு, ஈ.பீ.எஃப் கடிதங்கள், காணிப் பத்திரம் இவற்றின் ஸ்கேன் எல்லாம் சேர்த்தாலும் ஒரு பென்னில் அடங்கும். அவற்றை முதல் பத்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். அடுத்தது நீங்கள் எழுதியவை. அப்புறம் படங்கள். சினிமா, பாட்டு எல்லாம் கடைசி. டிஸ்க் நடுவில் உயிரை விட்டாலும் சினிமாவோடு போகட்டும். ஒரு கோப்பில் மாட்டிக்கொண்டு நகராமல் நின்றால் அதை ஸ்கிப் செய்துவிட்டு மற்றதை எடுங்கள், கடைசியில் வந்து அதைப் பார்க்கலாம்.

100 ஜிபிக்கு, செக்கனுக்கு 30 எம்பி வேகம் கிடைத்தால், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நோயாளி டிஸ்க் என்றால் அது ஐந்து மணி நேரமாகலாம். வேகம் பூச்சியத்துக்கு விழுந்து விழுந்து எழும்பினால் விண்டோஸை விட்டுவிட்டு மேலே சொன்ன லினக்ஸ் பென்னால் எடுங்கள். விண்டோஸ் ஓடும்போது அது பின்னால் ஆயிரம் வேலைக்காக அதே டிஸ்க்கை இழுத்துக்கொண்டிருக்கும். லினக்ஸ் பென்னிலிருந்து ஓடினால் டிஸ்க்குக்கு உங்கள் வேலை மட்டும்தான்.

மறக்கும் இடங்கள்: டெஸ்க்டொப் திரையில் கிடப்பவை, டவுன்லோட்ஸ், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள். இன்னொன்று, நம்மவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் மறப்பது, பாமினி எழுத்துரு. நம் பாடசாலை வினாத்தாள், சங்கக் கடிதம், கோயில் நோட்டீஸ் எல்லாம் இன்னும் பாமினியில்தானே கிடக்கின்றன. விண்டோஸ் புதிதாக அடித்தபின் அந்தக் கோப்பைத் திறந்தால் அம்மா என்பது "mk;kh" என்று ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும், எழுத்துரு இல்லாததுதான் காரணம். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர் எங்கள் தோட்டத்திலேயே இருக்கிறார். கொன்ட்ரோல் பெனலில் ஃபொன்ட்ஸ் என்பதைத் திறந்து பாமினி குடும்பம் முழுவதையும் கொப்பி செய்து வையுங்கள்.

எடுத்தது உண்மையிலேயே திறக்கிறதா என்று வேறு கணினியில் பத்துப் பதினைந்து கோப்பையாவது திறந்து பாருங்கள். பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. எனக்கு நடந்தது.

4. பில், சாவி, கடவுச்சொல்

இது சின்ன வேலை, ஆனால் பிறகு செய்ய முடியாத வேலை.

டிஸ்க் அல்லது லெப்டொப் வாங்கிய பில்லைத் தேடுங்கள். வொரண்டி மிச்சம் இருந்தால் பில்லும் தொடர் இலக்கமும் இல்லாமல் நம் கடைகளில் பேச்சே இல்லை. டிஸ்க்கில் கடை ஒட்டிய சின்ன ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள். சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க் என்றால் அந்த நிறுவனங்களின் தளத்தில் தொடர் இலக்கத்தைப் போட்டு வொரண்டி பார்க்கலாம். வொரண்டியில் டிஸ்க்கைத்தான் மாற்றித் தருவார்கள், உள்ளே இருந்தது வராது.

பிட்லொக்கர் சாவியைப் பாருங்கள். புதிய லெப்டொப் பலவற்றில், மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்ளே போனவுடன் நம்மைக் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். லினக்ஸ் பென்னால் திறந்தாலும் சாவி இல்லாமல் உள்ளே போக முடியாது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் 48 இலக்கச் சாவி கேட்கும். அந்தச் சாவி உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்குக்குள் இருக்கும். விண்டோஸ் இன்னும் திறக்கும்போதே அதை எழுதிக்கொள்ளுங்கள். கடையில் யாரோ தங்கள் மின்னஞ்சலால் கணக்குத் திறந்து தந்த லெப்டொப் என்றால் இன்றைக்கே விசாரியுங்கள்.

அசல் விண்டோஸோடு வந்த லெப்டொப் என்றால், டிஸ்க் மாற்றினால் லைசன்ஸ் போய்விடும் என்று பயப்படத் தேவையில்லை. அது மதர்போர்டோடு சேர்ந்தது. அதே பதிப்பை அடித்து இணையத்தோடு இணைத்தால் தானாகவே வந்துவிடும். "லைசன்ஸுக்குத் தனியாகக் காசு" என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

5. இப்போது சோதியுங்கள், இயன்றால் திருத்துங்கள்

கோப்பெல்லாம் வெளியே வந்துவிட்டது. இனிமேல் டிஸ்க்கோடு தாராளமாக மல்லுக்கட்டலாம்.

முதலில் கரண்ட். லெப்டொப் என்றால் பெட்டரி கொஞ்சமாவது தாங்க வேண்டும், டெஸ்க்டொப் என்றால் யு.பி.எஸ். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி இடிக்கும் நேரத்தில் தொடங்காதீர்கள். ஜூன், ஜூலைக் காற்றில் மரம் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வானம் வெளுத்திருந்தாலும் நிச்சயமில்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டு டெஸ்க்டொப்பில் செக்டிஸ்க் நான்காவது கட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வெயில் பளீரென்று அடிக்கிறது, பட்டென்று கரண்ட் போனது. நாடு முழுக்கப் போயிருந்தது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்று பிறகு அமைச்சர் சொன்னார். பாணந்துறைக் குரங்குக்கு இங்கே நாங்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. நல்ல காலம், வேறு சேதமில்லை.

சோதனையில் முதலாவது, டிஸ்க்கின் சொந்த நீண்ட சோதனை. சீகேட்டின் சீடூல்ஸ் மென்பொருளில் லோங் ஜெனரிக் என்று இருக்கும், வேறு கம்பனி டிஸ்க்கையும் அது சோதிக்கும். லினக்ஸ் பென்னில் டிஸ்க்ஸ் செயலிக்குள் எக்ஸ்டென்டட் சோதனை. இவை வாசித்து மட்டுமே பார்க்கும், எதையும் எழுதாது. நல்ல 500 ஜிபி டிஸ்க்குக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். தோற்றுவிட்டது என்று வந்தால் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டாம், பரீட்சை மாதிரி இரண்டாம் தடவை நல்ல பெறுபேறு வராது.

இரண்டாவது செக்டிஸ்க். சின்னப் பிழைகளுக்கு, மை கொம்பியூட்டரில் சி டிரைவை வலது கிளிக் செய்து, ப்ரொப்பர்டீஸ், டூல்ஸ், செக் என்று போனாலே போதும். ஆழமான சோதனைக்கு, கமாண்ட் ப்ரொம்ப்ட்டை ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று திறந்து, செக்டிஸ்க்கின் ஆறு ஆங்கில எழுத்துகள் (சி, எச், கே, டி, எஸ், கே), இடைவெளி, சி, முக்காற்புள்ளி, இடைவெளி, ஸ்லாஷ், ஆர். என்டர் தட்டினால் அடுத்த தடவை திறக்கும்போது ஓடட்டுமா என்று கேட்கும், வை தட்டிவிட்டு ரீஸ்டார்ட். ஐந்து கட்டம் இருக்கும். நான்காவதிலும் ஐந்தாவதிலும் 10 சதவீதம், 11 சதவீதம் என்று மணிக்கணக்கில் நிற்கும். நின்றுவிட்டது என்று பவர் பட்டனை அமுக்காதீர்கள். லெப்டொப்பில் டிஸ்க் லைட் மினுங்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது. ஒரு பகலும் ஓர் இரவும் போயும் முடியவில்லையென்றால் அதுவே பதில், டிஸ்க்கை மாற்றுங்கள்.

இப்போது "திருத்துவது" என்றால் என்ன? தகட்டில் கெட்டுப்போன இடம் திரும்ப நல்லதாகாது. அதைச் செய்கிறோம் என்று எந்த மென்பொருள் சொன்னாலும் நம்பாதீர்கள். நடப்பது இதுதான்: சந்தேகத்தில் நிற்கும் செக்டரில் ஏதாவது எழுதப்பட்டால், டிஸ்க் அங்கே எழுதிப் பார்க்கும். எழுதி வாசிக்க முடிந்தால் சி5 கணக்கிலிருந்து நீக்கிவிடும். முடியாவிட்டால் தன்னிடம் ஒதுக்கி வைத்திருக்கும் உபரி இடத்தைக் கொடுத்துவிட்டு 05இல் ஒன்றைக் கூட்டும். அதனால் டிஸ்க் முழுக்கப் பூச்சியம் எழுதுவதுதான் உள்ள ஒரே மருந்து.

அதற்கு டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. சாட்டா கேபிளால் (ஒரு முனை டிஸ்க்கில், மறுமுனை யு.எஸ்.பி.யில்) இன்னொரு கணினியில் மாட்டி, குயிக் ஃபோர்மட் என்ற அடையாளத்தை எடுத்துவிட்டு ஃபோர்மட் செய்யுங்கள். விண்டோஸ் விஸ்டாவுக்குப் பிறகு வந்த எல்லா விண்டோஸிலும் முழு ஃபோர்மட் என்பது டிரைவ் பூராவும் பூச்சியம் எழுதுவதுதான். சி, டி என்று பிரித்த டிஸ்க் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். சில மணி நேரம் பிடிக்கும். என்டர் தட்டும் முன் டிஸ்க்கின் அளவை இரண்டு தடவை பாருங்கள். 500 ஜிபி டிஸ்க் 465 என்றும் 1 டிபி 931 என்றும் தெரியும். இரவல் தந்த கணினியின் டிஸ்க்கை அழித்துவிட்டால் பிறகு அந்த வீட்டுப் பக்கம் போக முடியாது.

முடிந்ததும் கிறிஸ்டலைத் திறந்து கொப்பியோடு ஒப்பிடுங்கள். சி5 பூச்சியமாகி 05 கொஞ்சம் ஏறி, ஒரு வாரம் பாவித்தும் நகராமல் நின்றால், படம் பார்க்கவும் பாட்டு வைக்கவும் அந்த டிஸ்க்கைப் பாவிக்கலாம். விண்டோஸுக்கும் வினாத்தாளுக்கும் நான் கொடுக்க மாட்டேன். என்னுடையதில் 264 பூச்சியமாகி நான்கு நாளில் 31 ஆனது. அன்றைக்கே முடிவெடுத்தேன்.

எஸ்.எஸ்.டி. (சுற்றும் தகடு இல்லாத டிஸ்க்) வைத்திருப்பவர்கள் இந்தப் படியை அப்படியே செய்ய வேண்டாம். முழு ஃபோர்மட் அதன் ஆயுளைக் கொஞ்சம் தின்னும், ஆழமான செக்டிஸ்க்கால் பெரிதாகப் பயனில்லை. கிறிஸ்டலில் வரும் ஆரோக்கிய சதவீதத்தைப் பாருங்கள், கோப்புகளை எடுங்கள், போதும். எஸ்.எஸ்.டி. சத்தம் போடாமல் ஒரே நாளில் போய்விடும் ரகம்.

6. மாற்றுவதானால்

நான் கொடுத்த காசைச் சொல்கிறேன், டொலரோடு சேர்ந்து இது ஏறி இறங்கும். 240 ஜிபி சாட்டா எஸ்.எஸ்.டி. 7,500 ரூபா. யு.எஸ்.பி. சாட்டா கேபிள் 1,800. 16 ஜிபி பென் 1,400. மொத்தம் 10,700. கடைக்கு விண்டோஸ் அடிக்கக் கொடுத்த மூன்று 2,000ஐயும் பஸ் காசையும் முதலிலேயே இதில் போட்டிருக்கலாம்.

பழைய லெப்டொப்பின் இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்திலேயே சாட்டா எஸ்.எஸ்.டி. உட்காரும். பெட்டரியைக் கழற்றிவிட்டு, பின் மூடியில் நான்கைந்து ஸ்க்ரூ. பழைய டிஸ்க்கைச் சுற்றியிருக்கும் தகரச் சட்டத்தைக் கழற்றிப் புதியதில் மாட்ட மறக்காதீர்கள். எஸ்.எஸ்.டி. மெல்லியது, சட்டம் இல்லாமல் வைத்தால் ஆடும்.

"செகண்ட்ஹேண்ட் ஹார்ட் டிஸ்க், 2,500க்குத் தாரேன்" என்று யாரும் சொன்னால், காசு கொடுக்கும் முன் கடையிலேயே கிறிஸ்டலைத் திறக்கச் சொல்லுங்கள். பழுப்பேறிய ஸ்டிக்கரோடு இருக்கும் டிஸ்க்கில் ஓடிய மணிநேரம் 3 என்று காட்டினால், யாரோ கணக்கை அழித்திருக்கிறார்கள். திறக்க மாட்டேன் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

7. கடைசியில் விண்டோஸ்

இதுவரை வந்தவர்களுக்கு இது லேசான வேலை. இன்னொரு கணினியில் மைக்ரோசொஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கிப் பென்னைத் தயார் செய்யுங்கள். பென்னில் இருப்பதெல்லாம் அழியும், அதற்குள் உங்கள் சான்றிதழ் ஸ்கேன்கள் இருந்தால் முதலில் இடம் மாற்றுங்கள். பல ஜிபி இறங்கும் என்பதால் இரவு டேட்டா உள்ள பேக்கேஜ் என்றால் நள்ளிரவுக்குப் பிறகு போடுங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. 11 போட உங்கள் லெப்டொப்பில் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் ப்ரொசசர் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல். அதற்குக் கீழே உள்ள லெப்டொப்பில் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருப்பவர்களையும் எனக்குத் தெரியும்.

பிரதி எடுத்த டிஸ்க்கைக் கழற்றி அலமாரிக்குள் வையுங்கள். இதைக் கட்டாயம் செய்யுங்கள். அடிக்கும்போது வரும் பட்டியலில் டிரைவ் 0, டிரைவ் 1 என்றுதான் இருக்கும், எது யாருடையது என்று எழுதியிருக்காது.

பென்னை மாட்டி ஓன் செய்து, டெல், லெனோவோ, ஏசரில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசுஸில் எஸ்கேப். புது எஸ்.எஸ்.டி. என்றால் ஒதுக்கப்படாத இடம் என்று ஒரே ஒரு வரி வரும், அதைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட். டிஸ்க்கே தெரியவில்லை, ஆனால் கிறிஸ்டலில் நன்றாக இருந்தது என்றால் பதறாதீர்கள். இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து சில லெப்டொப்புகளுக்கு இன்டெல்லின் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென்னில் போட்டு, லோட் டிரைவர் மூலம் காட்ட வேண்டும். இந்த ஒரு திரையைப் பார்த்து "டிஸ்க் செத்துப்போச்சு" என்று சொன்ன கடையும் உண்டு.

எஸ்.எஸ்.டி.யில் அரை மணி நேரத்துக்குள் டெஸ்க்டொப் வந்துவிடும். முதலில் பாமினியைப் போடுங்கள், பிறகு கோப்புகள். கிறிஸ்டலை இன்னொரு தடவை திறந்து புது டிஸ்க்கின் எண்களைக் கொப்பியின் அடுத்த பக்கத்தில் எழுதுங்கள்.

பழைய டிஸ்க்கை யாருக்கும் சும்மா கொடுக்காதீர்கள். முழு ஃபோர்மட் செய்யாமல் கொடுத்தால் அப்பாவின் ஈ.பீ.எஃப் இலக்கமும் உங்கள் அடையாள அட்டையும் சேர்ந்துதான் போகும். என்னுடையதில் வெள்ளை டேப் ஒட்டி, "264 – 31, படம் மட்டும்" என்று மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். தம்பி அதில்தான் கிரிக்கெட் பார்க்கிறான்.